மூன்றாவது மாடியில் விளைந்த கேரட்

கேரட்டுக்குக் கழுத்தில் அழுக்கு இருக்கலாம். முகத்தில் இருக்கக் கூடாது. இந்த விதியைக் கண்டுபிடித்தவள், சேறு பூசியே அந்தப் பேர் வாங்கிய சேத்தக்காதான். காம்பு நறுக்கிய இடத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மட்டும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால், வாங்க வருகிறவர் "இப்பத்தான் பிடுங்கிட்டு வந்திருக்காங்க" என்று பூரித்துப்போவார். உடம்பெல்லாம் அப்பியிருந்தால் "கழுவக்கூட இல்லையா" என்று முகத்தைச் சுளித்து வைத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அளவுதான் இடைவெளி. அந்த விரல் அளவு வித்தையில் அவள் மூன்று வருடம் பிழைத்தாள்.

வேலை நடந்த இடம் பெரிய காய்கறிக் கடை ஒன்றின் பின்புறக் கொட்டகை. காலை ஆறு மணிக்குக் குளிர்பதனக் கிடங்கிலிருந்து லாரி வரும். இறங்குகிற கேரட் எல்லாம் இயந்திரத்தில் குளித்துவிட்டு வந்தவை. ஒரே நீளம், ஒரே பருமன், மருந்துக் கடையில் வாங்கியதுபோல ஒரு பளபளப்பு. அதை முன்பக்கம் அப்படியே குவித்தால் சாதாரண விலை. பின்பக்கம் கொண்டுவந்து அழுக்காக்கி, கட்டாகக் கட்டிக் கூடையில் வைத்தால் விலை இரண்டு மடங்கு.

சேத்தக்காவுக்கு முன்னால் இரண்டு பேசின்கள். ஒன்றில் கூழாகக் கரைத்த சேறு, இன்னொன்றில் தண்ணீர். கேரட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கழுத்துவரை முக்குவாள். ஈரத் துணியால் ஒரு சுற்றுத் துடைப்பாள். கம்பிச் சல்லடை மேல் காயப் போடுவாள். பிறகு நாலு நேர் கேரட்டுக்கு ஒரு கோணல் கேரட் சேர்த்துக் கட்டுவாள். கோணல்கள் தனி மூட்டையில் வரும். மற்ற கடைகள் கழித்துப் போட்டவை.

பக்கத்து மேஜையில் இருந்தவளுக்குப் பூச்சி என்று பெயர். கீரையில் ஓட்டை போடுவது அவள் வேலை. மருந்து அடிக்காத கீரையைப் பூச்சி தின்னும் என்று படித்தவர்கள் நம்புகிறார்களாம். ஆகவே பூச்சி தின்ன வேண்டும். தின்னாத கீரையை இவள் தின்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காகிதத்தில் துளை போடும் கருவியால் வரிசையாகக் குத்திவைத்தாள். முதலாளி ஒரு இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, எந்த ஊர்ப் பூச்சி காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுச் சாப்பிடும்?"

அன்றிலிருந்து சைக்கிள் கம்பியை நசுக்கி, முனையைக் கோணலாக்கி, ஓரத்தில் கடித்ததுபோலக் கிழிக்கப் பழகிக்கொண்டாள். பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

கட்டின் மேல் கடைசியாக ஒரு பச்சை லேபிள் ஒட்ட வேண்டும். அதில் சுருள் சுருளாக ஓர் ஆங்கிலச் சொல். அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் இரண்டு வரி. நாளுக்கு ஒரு லேபிள் சுருள் வரும். சேத்தக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நாற்பத்தாறு வயதுக் கண்ணுக்குப் பொடி எழுத்தும் தெரியாது. அந்தப் பெரிய சொல் முதலாளியின் குடும்பப் பெயர் என்று நினைத்திருந்தாள். யாரையும் கேட்டதில்லை.

கேட்காமல் இருந்தது அவள் சுபாவம் அல்ல. அது ஒரு ஒப்பந்தம்.

அவளுடைய அப்பா கல் உடைத்தார். அம்மா அச்சகத்தில் காகிதம் மடித்தாள். ஏழாம் வகுப்பில் அவளுக்கு முதல் மதிப்பெண். அண்ணனுக்கு மட்டும்தான் புத்தகம் வாங்க முடியும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தார்கள்; முடிவெடுத்த பேச்சில் அவளைச் சேர்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் பிஸ்கட் தொழிற்சாலை. ஆண்கள் உட்கார்ந்து எடை போடுகிறார்கள், பெண்கள் ஏன் நின்றுகொண்டே பொட்டலம் கட்ட வேண்டும் என்று கேட்டாள். மறுநாள் நிற்கிற வேலையும் இல்லாமல் போயிற்று. செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டும் இடத்தில், பசை அறைக்கு ஏன் ஜன்னல் இல்லை என்று கேட்டாள். சலவைக்கூடத்தில், கொதிநீர் பட்டுக் கை வெந்தவளுக்கு ஏன் அன்றைய கூலி இல்லை என்று கேட்டாள். முப்பது வருடத்தில் பதினோரு இடம். கேள்வி கேட்கிறவனை அறிவாளி என்றும் கேள்வி கேட்கிறவளை வாயாடி என்றும் சொல்வது உலகம் முழுக்க ஒரே மொழியில் நடக்கிறது.

"உனக்குக் காலுல சக்கரம், நாக்குல மோட்டார்" என்பார் அவள் கணவர். அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். இருபது வருடமாக ஒரே பெட்டிக்குள் நிற்கிறவர். "என்னைப் பாரு. மேல போறதா கீழ போறதான்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

"அதான் இன்னும் அதே பெட்டியிலயே நிக்கிறீங்க."

மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்த நாளில் அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். "மூணே வருஷம். பொண்ணு படிச்சு முடிக்கற வரைக்கும் ஒரே இடத்துல இரு. எதையும் பார்க்காத, எதையும் கேட்காத. அப்புறம் உன் இஷ்டம்."

அவள் ஒத்துக்கொண்டாள். மூன்று வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மாலை, கதவைத் தட்டிக்கொண்டு அந்தச் சொல் வீட்டுக்கே வந்துவிட்டது.

வந்தவர் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. ஒரு கையில் இனிப்புப் பெட்டி, இன்னொரு கையில் லேபிளோடு கேரட் கட்டு.

"வீட்டு நம்பர் பதினாலுக்கு மூணு, இதுதானே? தோட்டம் எந்தப் பக்கம்மா? பின்னாலயா?"

"எந்தத் தோட்டம்?"

"விளையாடாதீங்க. உங்களைப் பார்த்து நன்றி சொல்லத்தான் வந்தேன். நான் ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர். எங்க வீட்டுக்காரருக்குக் குடல்ல ஆபரேஷன் ஆச்சு. ஒரு வருஷமா உங்க கேரட்டைத்தான் பச்சையா அரைச்சுக் குடிக்கிறார். கடைக் காய்ன்னா தொடவே மாட்டார். ஒவ்வொரு கட்டுலயும் ஒரு அட்ரஸ் இருக்கு, அதுல உங்க வீடுதான் பக்கம்."

சேத்தக்கா கதவை முழுவதும் திறந்தாள். பத்துக்குப் பத்து அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, மகளின் புத்தகங்கள் அடுக்கிய பழைய பெட்டி. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். மண் என்று சொல்ல அந்த வீட்டில் இருந்தது அவளுடைய நகக்கண்ணில் மட்டும்தான்.

டீச்சர் அறையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். லேபிளைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"இது என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"முதலாளி பேரு."

"பேரா? ஹோம்க்ரோன்! வீட்டுல வளர்த்ததுன்னு அர்த்தம். சொந்தத் தோட்டத்துல, தன் கையால விதை போட்டு, தண்ணி ஊத்தி வளர்த்தது. கடையில வாங்காதது."

"கடையில வாங்காததை எப்படி டீச்சர் கடையில விக்கறாங்க?"

முப்பத்திரண்டு வருடம் அந்த மொழியைக் கற்பித்தவருக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றியிருக்கவில்லை. இது அவர் குற்றம் அல்ல. ஒரு காலத்தில் புனிதம் என்று ஒரு சொல்லைப் பூசி எதையும் விற்றார்கள். அதை நம்பாதவர்கள்கூட இப்போது இயற்கை, வீடு, அம்மாவின் கை என்று பூசினால் கண்ணை மூடிக்கொண்டு பையை நீட்டுகிறார்கள். சொல் மாறியிருக்கிறது, கேட்காமல் நம்பும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

"நீங்க வளர்க்கலைன்னா, அப்ப இந்த மண்ணு?" டீச்சர் கேரட்டின் கழுத்தைத் தடவினார்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று சேத்தக்காவுக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் லாரிகளைக் கழுவும் இடம் இருக்கிறது. அதை ஒட்டிச் சாக்கடை. அங்கேதான் மண் எப்போதும் ஈரமாக, கரைக்க எளிதாக இருக்கும். தினமும் காலையில் வாளியோடு போய் அள்ளி வந்தவள் அவள்தான். எல்லாரும் கழுவித்தானே சாப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். நினைத்தாளா? அதைக்கூட நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதுதானே ஒப்பந்தம்.

"அவருக்கு மறுபடியும் காய்ச்சல் வருது, வயிறு வலிக்குதுங்கறார். ஏன்னே டாக்டருக்குப் புரியல" என்று டீச்சர் தனக்குத்தானே சொன்னார். "திங்கக்கிழமை உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். லேபிள்ல உங்க அட்ரஸ்தான் இருக்கு. நீங்கதான் பதில் சொல்லணும்." கேரட் கட்டை வாசலில் வைத்துவிட்டு, இனிப்புப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அன்று மகள் கல்லூரி விட்டு வந்ததும் லேபிளை அவளிடம் கொடுத்தாள். மகள் பொடி எழுத்தைப் படித்தாள். வீட்டு எண், தெரு, எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு மேல் 'வளர்த்தவர்' என்று இருந்தது. பிறகு போனில் அகராதியைத் திறந்து சொல்லைத் தேடினாள்.

"டீச்சர் சொன்னது சரிதாம்மா. காய், கனி, கோழி, எதுக்கு வேணா சொல்லலாம். ஒரு ஊரோட சொந்த ஆட்டக்காரங்களைக்கூட ஹோம்க்ரோன்னு சொல்றாங்க, வெளியில இருந்து கொண்டு வராதவங்கன்னு."

"அப்ப நீயும் அதுதான்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார் லிஃப்ட்காரர், சூழ்நிலையை இலேசாக்க.

"அப்பா, அம்மா பேருல கேஸ் வரப்போகுது. ஜோக்கா இது?"

சேத்தக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நாலு அடி போனால் சுவர். நாலு அடி வந்தால் கதவு. ஞாயிறு முழுக்க அப்படியே. துணி துவைத்தாள், துவைத்ததையே மறுபடியும் அலசினாள். கீழே இறங்கிப்போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஏறி வந்தாள். டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை செருப்பு மாட்டினாள். அவர் வீடு எங்கே என்று தெரியாது என்பது தெருமுனையில்தான் உறைத்தது. சாப்பிடும்போது தட்டில் இருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதுல மண் இல்லடி, நான் கழுவியாச்சு" என்றார் கணவர்.

அவள் எழுந்து போய் மறுபடியும் கழுவினாள்.

திங்கட்கிழமை கொட்டகைக்குள் நுழைந்ததும் நேரே முதலாளியிடம் போனாள். மூன்று வருடத்தில் முதல் கேள்வி.

"சார், எங்க வீட்டு அட்ரஸ் எதுக்கு லேபிள்ல இருக்கு?"

அவர் அசரவில்லை. "சேரும்போது ரிஜிஸ்டர்ல எழுதிக் குடுத்தியே. வீட்டுல வளர்த்ததுன்னு விக்கணும்னா வளர்த்தவங்க அட்ரஸ் போடணும். அட்ரஸ் இருந்தா டெஸ்ட் பண்ண வேண்டாம், சர்டிஃபிகேட் வேண்டாம். அதான் ரூல். ஏழு பேரு இருக்கீங்க, வாரத்துக்கு ஏழு நாள். நாளுக்கு ஒருத்தர்."

"நாங்க வளர்க்கலையே."

"ஹோம்க்ரோன்னா உள்நாட்டுல விளைஞ்சதுன்னும் அர்த்தம் இருக்கும்மா. உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா நம்பர் தெரியும். உள்நாடு முழுக்கப் பதினாலுக்கு மூணுலயா இருக்கு?"

பூச்சி பின்னாலிருந்து அவள் ஆடையைப் பிடித்து இழுத்தாள். "வா அக்கா. உனக்கு வேற வேலையில்ல."

"உனக்குத் தெரியுமாடி, உன் அட்ரஸும் இருக்கு."

"திங்கக்கிழமை என்னோடது. தெரியும். என் கொழுந்தன் படிச்சுச் சொன்னான். யாரு வரப்போறா நம்ம வீட்டைத் தேடின்னு விட்டுட்டேன்."

செவ்வாய்க்கிழமை மதியம் முதலாளிக்கு போன் வந்தது. உணவு ஆய்வாளர் வியாழக்கிழமை பத்து மணிக்குப் புகாரில் சொன்ன வீட்டைப் பார்வையிட வருகிறார். ஆய்வு நடத்துகிறவர் ஆய்வுக்கு ஆளாகிறவரிடம் நேரம் சொல்லிவிட்டு வருகிற அதிசயம் அது. ஏழைகளின் வீட்டுக்கு மட்டும் யாரும் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. சேத்தக்காவின் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தி அவளுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே முதலாளிக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவளுடைய வீட்டு வாசலில் சின்ன வேன் நின்றது. உள்ளே முப்பது பிளாஸ்டிக் தொட்டிகள், பத்து மூட்டை மண், மூன்று கூடை கேரட், ஒரு கூடை கொத்தமல்லி. கூடவே பூச்சியும் இன்னும் இரண்டு பெண்களும். முதலாளியே நேரில் வந்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரரிடம் மொட்டை மாடியை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கியிருந்தார்.

"இதோ பாரும்மா" என்று அவளைத் தனியே அழைத்தார். "தோட்டம் இல்லைன்னாதானே பிரச்சினை? இப்ப தோட்டம் இருக்கு. ஆய்வாளர் பார்ப்பார், ஒரு பேப்பர் நீட்டுவார், நீ கையெழுத்துப் போடுவே. அவ்வளவுதான். அடுத்த மாசம் நீதான் கொட்டகைக்கு மேஸ்திரி. உக்காந்து வேலை வாங்கலாம்."

"போடலைன்னா?"

"போடலைன்னா நான் என்ன சொல்லுவேன்? 'இந்தம்மா வீட்டுல வளர்த்ததுன்னு சொல்லிக் குடுத்துச்சு, நம்பி வித்தேன்'னு சொல்லுவேன். லேபிள் ஒட்டினது யாரு? மண்ணு அள்ளினது யாரு? என் கையில ஒரு பொட்டு மண்ணு உண்டா பாரு." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். உண்மையிலேயே சுத்தமாக இருந்தன.

தோட்டம் அமைக்கும் வேலை நடந்தது. அந்த நாலு பெண்களில் ஒருத்தியும் வாழ்நாளில் ஒரு கேரட்டை மண்ணிலிருந்து பிடுங்கியதில்லை. கேரட்டுக்கு இலை வேண்டும், கிடங்குக் கேரட்டில் இலை கிடையாது. ஆகவே கேரட்டை நட்டு, அதன் தலையை ஒட்டிக் கொத்தமல்லிக் கொத்தைச் செருகினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் அசல் மாதிரிதான் இருந்தது. பூச்சி கை சும்மா இருக்காமல் கம்பியை எடுத்து இலைகளைக் கடித்துவைத்தாள். வரிசையில் ஐந்தாவது கேரட் எல்லாத் தொட்டியிலும் கோணலாக அமைந்தது. யாரும் சொல்லவில்லை, கை அப்படித்தான் பழகியிருந்தது. சேத்தக்காவோ ஒவ்வொரு கேரட்டையும் புதைப்பதற்கு முன்பு, தொட்டி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதன் கழுத்தில் பூசித் துடைத்தாள். பதினைந்து கேரட் முடிந்த பிறகுதான் பூச்சி கவனித்தாள்.

"அக்கா, மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு மண்ணு பூசறே?"

சேத்தக்கா கையைப் பார்த்தாள். பெண்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம் வாயைக் கட்டிப்போட்டதில் தன் கைக்குள் என்ன ஊறியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கையெழுத்துப் போட்டுடு. நாலே மாசம்."

"போட்டா, இனிமே யாருக்கு என்ன ஆனாலும் நான்தான் வளர்த்தவ."

"போடலைன்னா இப்பவே நீதான் குத்தவாளி. பொண்ணு படிப்பு?"

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "என் படிப்பை நடுவுல இழுக்காதீங்கப்பா. நான் படிக்கிறதே நோயாளிக்குத்தான்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். பருமனான ஆள், மாடிப்படியைச் சபித்துக்கொண்டே ஏறினார். முதலாளி முன்னால், டீச்சர் பின்னால். புகார் கொடுத்தவர் உடன் இருக்கலாம் என்று விதியில் இருப்பதை டீச்சர் படித்துவிட்டு வந்திருந்தார். லிஃப்ட்காரர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சுவரோடு சுவராக நின்றார்.

மொட்டை மாடியில் முப்பது தொட்டிகள், வெயிலில் கொஞ்சம் வாடிய கொத்தமல்லியுடன். ஆய்வாளர் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். இலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. கேரட் தொட்டியிலேயே தங்கிவிட்டது. அவர் இலையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு இலையைப் பழைய இடத்திலேயே பொறுமையாகச் செருகிவைத்தார்.

"நல்ல விளைச்சல்" என்றார்.

"சார்!" என்று டீச்சர் கத்தினார். "அது கொத்தமல்லி!"

"ஊடுபயிர் மேடம். தோட்டம் கண்ணு முன்னாடி இருக்கு. நீங்க இங்கிலீஷ் டீச்சர், விவசாயம் எனக்குத் தெரியும்." பையிலிருந்து தாளை எடுத்தார். "வளர்த்தவர் நானே, குறை இருந்தா பொறுப்பு என்னுடையதுன்னு இருக்கு. இங்க ஒரு கையெழுத்தும்மா."

பேனாவை நீட்டினார். சேத்தக்கா வாங்கினாள்.

"போட்டுடு" என்று சுவரோரத்திலிருந்து கணவரின் குரல் கேட்டது.

அவள் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பார்த்த முகம் அல்ல அது. ஐந்து நாளில் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வீட்டுக்காரர் எப்படி இருக்காரு டீச்சர்?"

"நேத்துல இருந்து ஆஸ்பத்திரியில. காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது."

சேத்தக்கா பேனாவை மூடினாள்.

"சார், இது நான் வளர்த்தது இல்ல. நான் அழுக்காக்கினது."

"என்னம்மா உளர்றே?" என்றார் முதலாளி.

அவள் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கேரட்டைப் பிடுங்கினாள். பக்கத்து வாளித் தண்ணீரில் கழுவினாள். ஆய்வாளர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நுனியைப் பாருங்க. மெஷின்ல வெட்டினது. வேர் முடி ஒண்ணு இருக்கா? விவசாயம் தெரியும்னீங்களே. இப்ப பாருங்க." தொட்டி மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் குழைத்தாள். கேரட்டின் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். துணியால் ஒரு துடை. எல்லாம் சேர்ந்து மூச்சு விடும் நேரம். "ஆச்சு, இப்ப வீட்டுல விளைஞ்சாச்சு. காலைல இருந்து சாயந்திரத்துக்குள்ள அறுநூறு விளைய வைப்பேன். இந்தத் தொட்டி எல்லாம் சேர்ந்தா நூத்தைம்பது கேரட். வளர மூணு மாசம் ஆகும். கடையில தினமும் விக்கிறது எத்தனைன்னு அவரைக் கேளுங்க. கூட்டல் கழித்தல் போதும் சார், இங்கிலீஷ் வேண்டாம்."

ஆய்வாளரின் முகத்தில் வியர்வை. சாட்சியாகப் புகார்தாரர் நிற்கிறார். கையில் போன் வேறு வைத்திருக்கிறார். ஆய்வாளர் வேறு தாளை எடுத்தார், வேண்டாவெறுப்பாக.

"வாக்குமூலம் குடுக்கிறியா? பேரு சொல்லு. தொழில்?"

"கேரட்டுக்கு மண் பூசறது."

"அப்படி ஒரு தொழில் கிடையாது. கூலின்னு எழுதறேன்."

"கூலி எல்லாருக்கும் உண்டு சார், உங்களுக்கும் உண்டு. நான் செஞ்ச வேலையை எழுதுங்க."

எழுதினார். முதலாளி யாருக்கோ போன் செய்துகொண்டே படியிறங்கினார். அவரோடு வந்து மாடிக் கதவருகே நின்றிருந்த பூச்சி, நிலைமையைப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போய்விட்டாள்.

"அவ்வளவுதானே?" என்றார் ஆய்வாளர்.

"இல்ல. அந்த மண்ணு எங்க எடுத்தேன்னு எழுதணும். லாரி கழுவற இடத்துக்குப் பக்கத்துல, சாக்கடை ஓரத்துல. தினமும் காலைல ஒரு வாளி. மூணு வருஷம்."

டீச்சரின் கை வாயைப் பொத்திக்கொண்டது. ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். முதல் தடவையாக அவர் குரலில் மனிதச் சாயல் வந்தது. "இந்த வரி இல்லாமலே கேஸ் நிக்கும்மா. இதை எழுதினா முதல்ல மாட்டறது நீங்கதான். யோசிச்சுக்கங்க."

"எழுதுங்க சார். என்ன உள்ள போச்சுன்னு தெரியாம டாக்டர் எதைன்னு தேடுவாரு?"

லிஃப்ட்காரர் சுவரை விட்டு ஓர் அடி முன்னே வந்தார். பேனா தாளில் ஊர்ந்தது. அவள் முழுவதையும் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, ஏழாம் வகுப்பில் பழகிய உருண்டை எழுத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

டீச்சர் அந்தத் தாளை போனில் படம் எடுத்தார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படிக்கு ஓடினார்.

சேத்தக்காவும் பின்னாலேயே ஓடினாள். "டீச்சர், நில்லுங்க, நானும் வர்றேன். என்ன மாதிரி மண்ணு, எண்ணெய் கலந்திருந்துச்சா, எலி இருந்துச்சான்னு டாக்டர் கேட்டா உங்களுக்கு என்ன தெரியும்?"

"செருப்பு போடலடி!" என்று மேலிருந்து கணவர் கத்தினார்.

அவள் இரண்டாவது மாடியைத் தாண்டியிருந்தாள்.